செவலைக்கு ஏற வேண்டிய எடை

நெட்டை ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான். நறுக்கினான் என்பதைவிடச் சீவினான் என்பதே சரி. கத்தி முனையை விரலால் அழுத்தி, ஒவ்வொரு துண்டையும் வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெல்லியதாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்று படாமல் தட்டில் விசிறி மாதிரி பரப்பினான். அரை ஆப்பிள்தான். தட்டு நிறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் நாலு பேருக்கு எடுத்து வைத்ததாக நினைப்பார்கள்.

"வெங்காயத்தைக்கூட நான் இவ்வளவு பொடிசா நறுக்கினதில்ல," என்றாள் மனைவி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உடுப்பின் பொத்தானைப் போட்டபடி வாசலில் நின்றிருந்தாள்.

"கண்ணுக்காவது நிறையட்டுமே."

"வயித்துக்குக் கண்ணு கிடையாதுங்க."

அவன் ஒரு துண்டை நாக்கில் வைத்துக் கரையும்வரை காத்திருந்தான். சாப்பாட்டை இப்படி நீட்டித்து நீட்டித்தே இத்தனை வருடம் ஓட்டிவிட்டான்.

குதிரைப் பந்தயத்தில் ஜாக்கி. தெருவில் நடந்தால் குள்ளன், கடைக்காரர் அவன் தலைக்கு மேலாகப் பின்னால் நிற்பவரிடம் "உங்களுக்கு என்ன?" என்று கேட்பார். மைதானத்து ஜாக்கிகள் அறைக்குள் நுழைந்துவிட்டால் அதே ஆள் ஒட்டடைக் கம்பு. நெட்டை என்ற பெயர் அந்த அறை வைத்தது. வைத்தவர்களில் பாதிப் பேர் தொழிலை விட்டுப் போய்விட்டார்கள். பெயர் போகவில்லை.

அப்பா தையற்காரர். சிறு வயதில் மகன் கடை மூலையில் பொத்தான் தைப்பான். சட்டை தைக்க வந்த குதிரை லாயக்காரர் ஒருவர் அவனை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "காத்து மாதிரி இருக்கானே, என்கிட்ட விடுங்க," என்றார். அப்படித்தான் குதிரைகளிடம் போனான். மீசை முளைத்த வயதில், யாரும் எதிர்பாராமல் வளர ஆரம்பித்தான். அப்பா கால்சட்டையின் மடிப்பைப் பிரித்துப் பிரித்து நீளம் விட்டார். "போதும்டா, துணி தீந்துபோச்சு," என்றார் கடைசியில். சொன்னதைக் கேட்டதுபோல வளர்ச்சியும் நின்றது. ஆனால் ஜாக்கிக்குத் தோதான இடத்தைத் தாண்டித்தான் நின்றது.

அன்றிலிருந்து உடம்போடு சண்டை. கம்பளிச் சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் சட்டை போட்டு வெயிலில் ஓடுவான். வெந்நீர்த் தொட்டியில் கழுத்தளவு கிடப்பான். வாயில் ஊற்றிய தண்ணீரை விழுங்காமல் கொப்பளித்துத் துப்புவான். குதிரையிலிருந்து விழுந்து தோள்பட்டை எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கட்டுப்போட்டவள்தான் இன்றைய மனைவி. கட்டுப்போடும்போதே, "எலும்பு தானா கூடும். இந்த உடம்புக்கு முதல்ல சோறு போடணும்," என்றாளாம். அவளோடு பேச்சு அப்படித்தான் தொடங்கியது. இன்னும் அதே பேச்சுதான்.

அவன் ஏறி ஜெயித்த குதிரைகள் பல. ஏங்கினது ஒன்றுக்கு மட்டும். பந்தய அட்டையில் வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு உண்டு, லாயத்தில் செவலை. செந்நிறப் பெண் குதிரை. முதல் பந்தயத்திலிருந்து அவன்தான் ஏறினான். நெடுந்தூரத்துக்காரி. கடைசி வளைவுவரை தூங்குகிற மாதிரி வந்து, பிறகு தோளுக்கடியில் ஏதோ ஒன்று திறந்துகொள்ளும். அந்த நேரம் அவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இடைஞ்சல் செய்யாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாழ்க்கையில் வேறெங்கும் தன் உடம்பின் கனத்தை அவன் மறந்ததில்லை. அங்கே மறந்தான்.

அவளை அவனிடமிருந்து பிரித்தது ரேட்டிங்.

ரேட்டிங் என்பது பள்ளிக்கூட மார்க் மாதிரி ஓர் எண். பந்தயம் முடிந்ததும் மைதானத்து அதிகாரி ஒருவர் ஒவ்வொரு குதிரைக்கும் போடுவார். பள்ளிக்கூடத்தில் நல்ல மார்க் வாங்கினால் பாராட்டு, இங்கே சுமை. மார்க் ஏறினால் முதுகில் எடை ஏறும், இறங்கினால் இறங்கும். புள்ளி ஒன்றுக்கு அரைக் கிலோ. வல்லதும் சொங்கியும் ஒரே கோட்டில் வந்து முடிக்க வேண்டும் என்பது அந்த அதிகாரியின் ஆசை. ஜாக்கியும் சேணமும் சேர்ந்து குதிரைக்குக் குறித்த எடைக்கு வர வேண்டும். ஆள் இலேசாக இருந்தால் சேணப் பையில் ஈயத்தகடு வைத்து நிரப்பலாம். ஆள் கனமாக இருந்தால் எதையும் வெட்டியெறிய முடியாது.

பெரிய மைதானங்களில் ரேட்டிங்கைப் பார்த்துக் குதிரைகளைத் தரம் பிரித்து ஓட்டுவார்கள். இந்த மைதானம் சிறியது. நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தரம் பிரிக்கக் குதிரைகள் போதாது; மேலிருந்து கீழ்வரை எல்லாம் ஒன்றாகத்தான். அறுபத்திரண்டு புள்ளியில் செவலைக்கு ஐம்பத்தேழு கிலோ கிடைத்தது. அப்போது நெட்டைக்குக் கவலையில்லை. பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க அவளுக்கு இருமல். இரண்டு பந்தயம் பின்னால் வந்தாள், புள்ளி இறங்கியது, எடை ஐம்பத்து நாலானது. நெட்டை சேணத்தோடு ஐம்பத்தைந்து. அந்த ஒரு கிலோவுக்காக வெந்நீரில் கிடந்தவன் எழும்போது தலைசுற்றி விழுந்தான். மனைவி வந்து பார்த்தபோது உதடு வெடித்து, கண் செருகி, பேச்சு குழறியது. கையின் பின்புறத் தோலைக் கிள்ளிவிட்டாள்; அது கூடாரம் மாதிரி அப்படியே நின்றது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டி உட்காரவைத்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஐம்பத்தஞ்சு. அதுக்குக் கீழ ஒரு இம்மி போனாலும் நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். மிரட்டல்னு நினைக்காதீங்க, சொல்லிட்டேன் அவ்வளவுதான்."

அவள் சொன்னால் சொன்னதுதான். செவலை மேல் வேறு ஆட்கள் ஏறினார்கள். சாட்டையை எடுத்தார்கள். அவளை அடித்தால் ஓட மாட்டாள், நின்றுவிடுவாள். அது அவர்களுக்குத் தெரியாது. கடைசியில் வந்தாள், மறுபடி கடைசியில் வந்தாள். புள்ளி நாற்பத்தெட்டு. எடை ஐம்பது. ஒவ்வொரு தடவை புதிய ரேட்டிங் வரும்போதும் செவலை அவனிடமிருந்து இன்னும் ஒரு படி இறங்கிப் போனாள்.

அரை ஆப்பிளைத் தின்று முடித்துவிட்டு அன்று அவன் சவரம் செய்துகொள்ளப் போனான். சலூன் மனைவியின் தம்பியுடையது. சீப்பு வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் பந்தய அட்டை கிடக்கும். ஜாக்கிகள் வெளியாட்களிடம் குதிரை பற்றிப் பேசக் கூடாது. பேசினால் உரிமம் போய்விடும். அதனால் மைத்துனன் அவனிடம் எதுவும் கேட்பதில்லை. கண்ணாடியிடம் பேசுவான்.

"வா மாமா, உக்காரு. தலையை நேரா வை." சோப்பு நுரையை வாய்வரை அப்பினான். "இப்ப நீ பேச முடியாது, நானும் உன்கிட்ட கேக்கல. நான் கண்ணாடிகிட்ட சொல்றேன்."

காத்திருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார். "கண்ணாடிக்கு ஜெயிக்கிற குதிரை தெரியுமா?"

"எனக்குத் தெரியுமே, தாத்தா! எல்லாரும் பாக்கறது போன தடவை எத்தனாவது வந்துச்சுன்னு. அது ஏமாத்தும். நான் பாக்கறது ரேட்டிங். கடைசியா எந்தப் புள்ளியில ஜெயிச்சுது, இப்ப எந்தப் புள்ளியில நிக்குது? இறங்கியிருந்தா அதே குதிரை, முதுகுல மூட்டை மட்டும் குறைவு. தூரமும் பழைய தூரமா இருந்தா கண்ணை மூடிட்டுக் கட்டலாம்."

"அப்படிக் கண்ணை மூடிட்டுத்தான் போன வாரம் என் கிருதாவை எடுத்தியா?"

"அட, குறுக்க பேசாதீங்க! ஞாயித்துக்கிழமை நெடுந்தூரத்துல ஒண்ணு ஓடுது. அறுபத்திரண்டுல ஜெயிச்சது. இப்ப நாப்பத்தெட்டு. ஏழு கிலோ இலேசு! ஒரு குழந்தையை இறக்கி வெச்சிட்டு ஓடற மாதிரி." கத்தியைத் தோல்பட்டையில் தீட்டினான். "ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. எதுக்கு விழுந்துச்சு? புள்ளி விழுந்தா மூணுல ஒரு காரணம். வயசா இருக்கும், கால்ல நோவா இருக்கும், இல்ல மேல உக்காந்த ஆளு சரியில்ல. முதல் ரெண்டுன்னா நான் தொட மாட்டேன். மூணாவதுன்னா அது லட்டு."

நுரைக்குள்ளிருந்து நெட்டை கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடியில் மைத்துனனும் அவனைப் பார்த்தான்.

"மாமா, கண்ணைச் சிமிட்டாத. நான் ஒண்ணும் கேக்கல."

அவன் சிமிட்டவில்லை. ஊருக்கே லட்டாகத் தெரிகிற எண் அவனுக்கு மட்டும் பூட்டிய கதவாக இருந்தது.

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து, கால்களை வாளித் தண்ணீரில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவன் எதிரே தரையில். பழக்கமாக அவன் கையை இழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். படிந்தது. விட்டாள்.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? தம்பி ஏதாவது சொன்னானா?"

"செவலை ஞாயித்துக்கிழமை ஓடுது. ஐம்பது கிலோ. சுக்கண்ணன் ஏறறாரு."

"ம்."

"எனக்கு இன்னும் ஒரு தடவை அவ மேல உக்காரணும். ஒரே தடவை. அப்புறம் நீ சொல்ற வேலைக்குப் போறேன், ஆஸ்பத்திரி வாசல்ல காவக்காரனா வேணும்னாலும்."

"அங்க உயரம் பத்தாதுன்னுடுவாங்க," என்றாள். பிறகு சிரிக்காமல், வார்டில் நோயாளியிடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "உங்களுக்கும் அதுக்கும் நடுவுல எவ்வளவு இருக்கு?"

"அஞ்சு கிலோ."

"நீங்க இறங்கி அந்த இடைவெளி தீரப்போறதில்ல. அந்தப் பேச்சு முடிஞ்சுது. அப்ப அது ஏறணும். அது ஏறணும்னா என்ன பண்ணணும்?"

"ஜெயிக்கணும். ஜெயிச்சாத்தான் புள்ளி ஏறும்."

"சரி, ஜெயிக்கட்டும்."

"ஜெயிக்காது. சுக்கண்ணனும் சாட்டையை எடுப்பாரு. அவளை எப்படி ஓட்டணும்னு எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் வாளியிலிருந்து கால்களை எடுத்துத் துடைத்தாள். "தெரிஞ்சதை வெச்சிக்கிட்டு என்ன பண்றதா உத்தேசம்? ஊறுகாய் போடப்போறீங்களா?"

இன்னொருவன் ஏறி ஜெயிக்க வேண்டும், அதுவும் தான் சொல்லிக்கொடுத்து. அப்போதுதான் செவலை தன்னிடம் வருவாள். இத்தனை நாள் எல்லோரும் தோற்கத் தோற்க, உள்ளுக்குள் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது: என்னைத் தவிர யாராலும் முடியாது. அந்தத் திருப்திதான் அவளைக் கைக்கெட்டாத தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. மனைவி வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது.

சுக்கு நெட்டையைவிடப் பத்து வயது மூத்தவர். காய்ந்து சுருங்கிய உடம்பு, அதனால் அந்தப் பெயர். என்ன தின்றாலும் ஒட்டாது. எல்லோரும் பட்டினி கிடக்கும் அறையில் உட்கார்ந்து பன் தின்பார், அதன்மேல் வெண்ணெய் தடவுவார்; அந்த ஒரு குற்றத்துக்காகவே அவரைப் பாதிப் பேருக்குப் பிடிக்காது. கீழ் எடைக் குதிரைகள், அதாவது யாரும் நம்பாத குதிரைகள், அவருக்கு வரும். ஜெயித்து வெகு காலம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை காலைப் பயிற்சி முடிந்து, அறையில் அவர் மட்டும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நெட்டை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நாளைக்குச் செவலை."

"ஆமா. பாவம், உன் பொண்டாட்டி மாதிரி வெச்சிருந்தே. இப்பக் கிழடாகிப்போச்சு."

"கிழடாகல. சாட்டை புடிக்காது அவளுக்கு. கண்ணுல படவே கூடாது. இடுப்புல பின்னால செருகிக்குங்க. நாக்கைத் தட்டுங்க, 'டொக் டொக்'னு, அது போதும். அப்புறம், சீக்கிரம் முன்னால கொண்டுபோயிடாதீங்க. முன்னால போனா சோலி முடிஞ்சுதுன்னு நின்னுடுவா. முடிவுக்கோட்டுக்கு முன்னால இருக்கற கடைசி வெள்ளைக் கம்பம் தாண்டினதும் தலையைக் காட்டினா போதும்."

சுக்கு ஒரு பூட்ஸைக் கையில் பிடித்தபடியே அவனைப் பார்த்தார். "எதுக்குடா எனக்குச் சொல்றே?"

நெட்டைக்குப் பொய் வரவில்லை. "நீங்க ஜெயிச்சா புள்ளி ஏறும். எடை கூடும். கூடிக் கூடி ஐம்பத்தஞ்சுக்கு வந்தா, உங்க பையில வண்டி ஈயம் ரொப்பணும். உசுரில்லாத ஈயத்தைவிட உசுருள்ள ஆளு மேல்னு பயிற்சியாளர் என்னைக் கூப்பிடுவாரு."

"அடப்பாவி! நான் உனக்கு ஏணியா?"

"ஏணிதான். ஆனா ஏணிக்கும் ஒரு கோப்பை கெடைக்குமில்ல?"

சுக்கு தோள் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாக்கை எப்படித் தட்டறது? இன்னொரு தடவை காட்டு. எனக்கு முன்பல்லு ரெண்டு கிடையாது."

இரண்டு நடுத்தர வயதுக்காரர்கள் காலி அறையில் எதிரெதிரே உட்கார்ந்து நாக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். துடைப்பத்தோடு வந்த துப்புரவுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு அறையைக் கூட்டப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரப் பந்தயத்தில் நெட்டைக்குக் குதிரை இல்லை. கம்பி வேலியோரம் போய் நின்றான். எதிர்ப்புறத்தில் குதிரைகள் ஒரு கொத்தாகப் போய்க்கொண்டிருந்தன. சுக்குவின் மஞ்சள் சட்டை கடைசியிலிருந்து மூன்றாவது. சாட்டை கண்ணில் படவில்லை. நல்லது. வளைவுக்கு வந்தபோது சுக்கு எல்லா ஜாக்கியும் செய்வதைச் செய்தார்: தூரத்தை மிச்சம் பிடிக்க உள்வேலியை ஒட்டினார். முன்னால் போன குதிரைகளின் குளம்பு கிளப்பிய மண் செவலையின் முகத்தில் அடித்தது. அவள் தலையை மேலே தூக்கினாள். அடுத்த எட்டில் வேகம் செத்தது.

வேலியோரம் நின்றவனின் வலது முழங்கால் தானாக வெளிப்பக்கம் சாய்ந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த வளைவில் அவன் ஒரு தடவையும் உள்ளே போனதில்லை. வெளியே அகலமாகத்தான் திருப்புவான். அதைச் சுக்குவிடம் வேண்டுமென்றே மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று என்றே தோன்றவில்லை. தெரிந்தது கால்களுக்கு, வாய்க்கு அல்ல.

"வெளிய எடுங்கண்ணே," என்று முணுமுணுத்தான். பக்கத்தில் நின்றவர் தள்ளி நின்றுகொண்டார்.

நேர்ப்பாதையில் சுக்கு எப்படியோ ஓர் இடைவெளி கண்டுபிடித்து வெளியே வந்தார். முகம் தெளிந்ததும் தோளுக்கடியில் அது திறந்தது. தூரத்திலிருந்தும் நெட்டைக்குத் தெரிந்தது. யாரோ அவன் நெஞ்சுக்குள் கை விட்டு எதையோ இழுத்த மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகத் தாண்டினாள். வெள்ளைக் கம்பம். சுக்கு பல்லில்லாத வாயால் நாக்கைத் தட்டியிருக்க வேண்டும். தலை நீட்டி, ஒரு கழுத்து வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

அவனைக் கடந்து போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுகிற குதிரைக்கு வேலியில் நிற்கிறவன் வேலிதான்.

கூட்டத்தில் மைத்துனன் யாரையோ கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். சுக்கு கோப்பையை வாங்கி, அதற்குள் எட்டிப் பார்த்து, "காலியா இருக்கு," என்றார்; எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையும் கை தட்டினான். அவன் கண் மட்டும் மைதானத்து மூலையில் இருந்தது. லாயக்காரர் செவலையின் வியர்வையை வழித்து இறக்கிக்கொண்டிருந்தார். கழுத்தில் அந்த ஈர வாசனை எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். முகர்ந்து பார்க்கப் போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். போகவில்லை. இன்று அது சுக்குவின் குதிரை.

வீட்டில் மனைவி கேட்டாள். "ஜெயிச்சுதா?"

"ஜெயிச்சுது."

"எத்தனை புள்ளி ஏறும்?"

"நாளைக்குக் காலையில போடுவாங்க. பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சிருந்தா பத்து ஏறும். கழுத்தளவுதான்."

"கழுத்தளவு வந்துட்டு மூழ்காம இருந்தா போதும். சாப்பிடுங்க," என்று தட்டை நகர்த்தினாள். அன்று சாப்பிட்டான், அளந்து பார்க்காமல், எடை போடாமல்.

மறுநாள் காலை அலுவலகச் சுவரில் புதிய ரேட்டிங் ஒட்டியிருந்தது. அவனுக்கு முன்பே நாலைந்து பேர் நின்றார்கள். ஒட்டடைக் கம்புக்கு முதல் தடவையாக உயரம் உதவியது. முன்னால் நின்ற ஜாக்கிகளின் தலைக்கு மேலாகப் படித்தான். செவலை, ஐம்பத்து மூன்று. ஐந்து புள்ளி. ஐம்பத்திரண்டரைக் கிலோ. இன்னும் இரண்டரை பாக்கி. இதே மாதிரி இன்னொரு ஜெயம்.

பிறகு லாயத்துக்குப் போனான். மணல் வட்டத்தில் லாயக்காரர் செவலையைக் கயிற்றில் மெல்ல நடத்திக்கொண்டிருந்தார். சுக்கு வேலிமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றிலிருந்து அவருக்கும் அவள்மேல் ஒரு பிடிப்பு வந்திருந்தது, முகத்தில் தெரிந்தது. நெட்டைக்கு அது சுருக்கென்றது.

"அஞ்சு," என்றான்.

"பாத்தேன். இன்னொண்ணு வேணுமே உனக்கு."

"வேணும்."

"அந்த வளைவுல என்னாச்சுன்னு தெரியலடா. செத்த மாதிரி ஆயிட்டா. என் தப்பா?"

"உங்க தப்பில்ல, நான் சொல்லல. இறங்கி வாங்கண்ணே."

சுக்கு குதித்து இறங்கினார். நெட்டை செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் மணலில் வளைவை வரைந்தான்: உள்வேலி ஒரு கோடு, மற்றக் குதிரைகள் போகும் பாதை ஒரு கோடு, அதற்கும் வெளியே, அகலமாக, மூன்றாவது கோடு.